கனத்துத் திரும்பிய கேரியர்

தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஐப்பசி மாசம். கம்பத்துக்குப் பக்கத்தில், காமயகவுண்டன்பட்டியைத் தாண்டி இருக்கிறது எங்கள் ஊர். அங்கே தொடங்கித் தேனியில் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் முடிந்த கதை இது. முடிந்தது என்று சொல்கிறேனே தவிர, எனக்கு இன்னும் முடியவில்லை.

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். யாரிடமாவது சொல்லி எழுதச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்களே என்றுதான் நானே உட்கார்ந்து, நாளுக்கு நாலு வரி என்று எழுதினேன்.

முதலில் என் வீட்டுக்காரர் போன விதத்தைச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது. மலையில் சொந்தக்காரர் ஒருவருக்கு ஏலக்காய்த் தோட்டம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒருநாள் விடியக்காலம் ஜீப்பில் போனார். "சாயந்தரம் பத்திரமாக் கொண்டாந்து இறக்கி விட்டுர்றேன்க்கா" என்று ஜீப் ஓட்டுகிறவன் சொல்லிவிட்டுத்தான் போனான். வளைவில் வண்டி உருண்டுவிட்டது. காலை பத்து மணிக்கே உயிர் போய்விட்டதாம். சேதி எங்களுக்கு வந்தது சாயங்காலம் நாலு மணிக்கு.

அந்த நேரம் முழுக்க நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், எங்கள் திராட்சைப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து, பழம் வெட்ட வந்த பொம்பளைகளோடு கேலி பேசிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் அங்கே பாறை மேல் கிடக்கிறார், நான் இங்கே வயிறு வலிக்கச் சிரிக்கிறேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கும்.

அதற்குப் பிறகு தோட்டத்தை நானே பார்த்தேன். மருந்தடிக்க, கொடியைக் கவாத்து வெட்ட, வியாபாரியோடு பேச, எல்லாம் நானேதான். அண்ணன் தம்பி வாசலில் போய் நின்றதில்லை. ஊரில் என்னைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கித்தான் போவார்கள். அதில் எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை. ஆனால் என் ஒரே மகள் கண்ணை விட்டு மறைந்தால் போதும், உள்ளே எல்லாம் உதறத் தொடங்கிவிடும். அவள் நன்றாக இருக்கிறாள் என்ற சேதி வருகிறவரைக்கும் ஒரு வாய் சிரிக்க மாட்டேன். திரும்பவும் ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது. அதுதான் என் பயம்.

மகள் ரத்தப் பரிசோதனைப் படிப்புப் படித்தாள். தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், லேப்பில் வேலை கிடைத்தது. காலை ஆறரை பஸ்ஸுக்குப் போனால் வீடு வர எட்டு எட்டரை ஆகிவிடும். அப்போது எங்கள் வீட்டில் போன் இல்லை. கடைத்தெருவில் ஒரு பூத் மட்டும் இருந்தது. தினமும் அங்கே போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, நாலு பேர் கேட்க, "எம்மக வந்துட்டாளா?" என்று விசாரிக்க என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். காலை பத்து மணிக்கு எங்கள் ஊரிலிருந்து நேரே தேனிக்கு ஒரு தனியார் பஸ் போகும். அதன் கண்டக்டர் கையில் மகளுக்குச் சாப்பாட்டுக் கேரியரைக் கொடுத்துவிடுவேன். அவர் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, அங்கே பூ விற்கிற அம்மாளிடம் கொடுப்பார். மகள் வந்து வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கேரியரைக் கழுவி அந்த அம்மாளிடமே வைத்துவிட வேண்டும். அதே பஸ் இரண்டு மணிக்குத் திரும்பும்போது கண்டக்டர் எடுத்து வந்து, நாலு மணிக்கு என் கையில் கொடுப்பார்.

"நான் போறப்பவே கொண்டுபோயிர்றேம்மா. எதுக்கு அந்த அண்ணனுக்குத் தெனமும் வேலை வைக்கிற?" என்று மகள் கேட்டாள்.

"விடியக்காலம் ஆக்குன சோறு மத்தியானத்துக்குள்ள நொந்து போகும். சூடாத் தின்னாத்தான் ஒடம்புல ஒட்டும்" என்றேன்.

சூடாவது, ஒன்றாவது. கேரியர் காலியாகத் திரும்பினால் பிள்ளை போய்ச் சேர்ந்தாள், சாப்பிட்டாள், நன்றாக இருக்கிறாள். அந்தச் சேதிக்காகத்தான் அவ்வளவும். அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கு அது முதல் நாளே தெரிந்திருக்கிறது.

அந்தக் கண்டக்டருக்கு முப்பது வயசு இருக்கும். கல்யாணம் ஆனவர். வாய் ஓயாது. கேரியரைத் தூக்கி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"என்ன ஆத்தா, நேத்து நெத்திலிக் கருவாடா? சின்னமனூருக்கு டிக்கெட் எடுத்த மூணு பேரு இறங்க மனசில்லாம தேனி வரைக்கும் வந்துட்டாக!"

"ஒனக்கு வேணும்னா கேட்டு வாங்கித் தின்னு. எம்மக கேரியர்ல கண்ணு வைக்காத" என்பேன்.

திரும்பி வரும்போது கேரியரை நீட்டிக்கொண்டே, "புள்ள வந்திருச்சு ஆத்தா, நல்லாருக்கு" என்பார். தினமும் அதே வார்த்தை. நான் அதைக் காதில் வாங்கியதே இல்லை. பத்திரமாகக் கொண்டுவந்து இறக்குகிறேன் என்று ஒருவன் சொன்ன வார்த்தையை நம்பி உட்கார்ந்திருந்தவள் நான். வாய் என்ன வேண்டுமானாலும் சொல்லும். கேரியர் லேசாக இருக்கிறதா என்று கைதான் பார்க்கும். லேசாக இருந்தால் எனக்கு மூச்சு வரும்.

ஆறு மாசம் இப்படி ஓடியது. அந்த ஐப்பசியில் ஒருநாள், மழைத் தூறலில் முக்காடு போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பஸ் வந்தது. கண்டக்டர் இறங்கிக் கேரியரை நீட்டினார். வாங்கியதும் என் கை கீழே இழுத்தது.

திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, பொரியல் என்று காலையில் நான் அடுக்கிய கனம் அப்படியே இருந்தது.

"என்னப்பா இது?"

"அது வந்து ஆத்தா... பூக்காரம்மா இன்னைக்குக் கடை போடல. வாட்ச்மேன்ட்டக் குடுத்துட்டுப் போனேன். திரும்பி வந்தப்ப அவரு அப்படியே எடுத்துக் குடுத்தாரு."

"அப்ப எம்மக வந்து வாங்கலயா?"

"வேலையா இருந்திருக்கும் ஆத்தா."

"நீ அவளப் பாத்தியா?"

"நான் பாக்கல." இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஓயாத அந்த வாய் அன்றைக்குத் திக்கியது. "நீங்க வீட்டுக்குப் போங்க. ஒண்ணும் இருக்காது."

பூத்துக்கு ஓடினேன். மழையில் லைன் செத்துக் கிடந்தது. அதே பஸ் திரும்பத் தேனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. வீட்டைக்கூடப் பூட்டாமல், கேரியரோடு ஏறிவிட்டேன்.

பஸ் கம்பம் தாண்டியது. உத்தமபாளையத்தில் கூட்டம் ஏறியது. மடியில் கேரியர் கனக்கிறது. ஆஸ்பத்திரி கட்டிலில் கிடக்கிறாளோ, காலையில் போன பஸ்ஸே போய்ச் சேரவில்லையோ என்று மனசு என்னென்னவோ காட்டியது. அப்புறம் அது கண்டக்டர் பக்கம் திரும்பியது. ஏன் முகத்தைப் பார்க்கவில்லை? ஏன் திக்கினான்? எப்போதும் "நல்லாருக்கு" என்கிறவன் இன்றைக்கு ஏன் சொல்லவில்லை? தெரிந்துகொண்டு மறைக்கிறான் என்று முதலில் நினைத்தேன். சின்னமனூர் வருவதற்குள், இவன்தான் ஏதோ செய்திருக்கிறான் என்று ஆகிவிட்டது. பயத்துக்குப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது. பக்கத்தில் இருந்தவர் அவர்.

அவர் டிக்கெட் போட்டுக்கொண்டு என் சீட்டைத் தாண்டியபோது எழுந்து அவர் சட்டையைப் பிடித்தேன். அப்போது நான் சொன்னதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

"எம்மகள என்னடா பண்ணுன?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எங்கள் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் பின்னால் இருந்தார்கள். நான் அப்படிக் கத்துகிறவள் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். அதனாலேயே நம்பிவிட்டார்கள்.

"ஏலே, கேக்குறாகள்ல, சொல்லுடா!"

"பொம்பளப்புள்ள விசயம். நிப்பாட்டுங்கப்பா வண்டிய!"

யாரோ பின்னாலிருந்து கண்டக்டர் கன்னத்தில் ஓர் அறை விட்டார்கள். டிக்கெட் கட்டு கீழே விழுந்து ஈரக் காலடியில் மிதிபட்டது. அவர் குனிந்து அதைப் பொறுக்கினார். நிமிர்ந்தபோது உதட்டில் ரத்தம். என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபமே இல்லாத பார்வை அது.

"தேனிக்குப் போயிருவோம் ஆத்தா. அங்கன வந்து புள்ளயக் கண்ணால பாருங்க. அதுக்கப்புறம் என்னைய என்ன வேணாலும் பண்ணுங்க."

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி உள்ளே ஓடினேன். லேப் கதவைத் தள்ளினால், என் மகள் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, கூட வேலை பார்க்கிற பெண்ணோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டாள்.

"என்னம்மா? என்னாச்சு?"

கேரியரைத் தூக்கிக் காட்டினேன். "ஏன் சாப்பிடல?"

அவள் என்னை வெளியே கூட்டிப்போய் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தாள். என் கையிலிருந்த கேரியரை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, இங்கனயே எல்லாத்துக்கும் மத்தியானச் சோறு போடுறாக. ஆறு மாசமா நான் இங்கனதான் சாப்பிடுறேன்."

"அப்ப கேரியர்?"

"பூக்காரம்மா சாப்பிடும். அதுக்கு ஆக்கிப்போட வீட்ல யாரும் இல்லம்மா. இன்னைக்குக் காச்சல்னு வரலயாம், எனக்கு இப்பத்தான் தெரியும்."

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ கேரியர் குடுத்துவிட மாட்ட. கேரியர் திரும்பி வராட்டி நீ தூங்க மாட்ட." சொல்லிவிட்டு என் முந்தானை ஈரத்தைப் பிழிந்தாள். "கண்டக்டர் அண்ணனுக்கும் தெரியும். நான் வேலைக்கு வந்துட்டேனான்னு தெனமும் பூக்காரம்மாட்ட கேட்டுக்கிட்டுத்தான் உன்கிட்ட வந்து சொல்லும். அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான். இன்னைக்குக் கேக்க ஆளில்ல. அதான் ஒண்ணும் சொல்லியிருக்காது. சரி, அண்ணன் எங்க? வந்த பஸ்ஸு அதுதான?"

ஆறு மாசமாக என் கை நம்பிய சேதி பொய். காதில் வாங்காத சேதிதான் மெய். அந்த மெய்யைச் சொன்னவரை நான் அடிவாங்க வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அப்போதாவது வெளியே ஓடிப்போய், "தப்பு எம்மேலதான்" என்று சொல்லியிருக்கலாம். பஸ் ஸ்டாண்டில் அவர் வண்டி நின்றிருக்கும். நான் போகவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் அங்கே இருப்பார்களே, அவர்கள் முன்னால் எப்படி நிற்பது என்று யோசித்தேன். "அண்ணன் வேலையா இருக்கும்" என்று மகளிடம் சொல்லிவிட்டு, அவளோடு வேறு பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் நடந்ததை அவளிடம் மூச்சு விடவில்லை. சட்டையைப் பிடித்ததைவிட இதைத்தான் பெரிய பாவமாக நினைக்கிறேன்.

மறுநாளிலிருந்து அந்தக் கண்டக்டர் வரவில்லை. முதலாளி நிறுத்திவிட்டாராம். என் வீட்டுக்கு நாலு பேர் வந்து, "தாய்னா இப்படில்ல இருக்கணும்" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். நானும் காபி போட்டுக் கொடுத்து, வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் மகள் வேலையிலிருந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பஸ்ஸுல பேசிக்கிறாக. எனக்கும் அந்தக் கண்டக்டருக்கும் ஏதோன்னு. சட்டையப் பிடிச்சது நீயாம்மா?"

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதுவே பதிலாகிவிட்டது.

"நீ எது எது நடந்துரும்னு பயந்தியோ, அதுல ஒண்ணுகூட எனக்கு நடக்கலம்மா. நீ பேசுனதுதான் நடந்திருக்கு."

அழவில்லை, கத்தவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வயசுப் பெண். அவள் பெயரில் ஊர் வாயை வைக்கும்படி செய்தது வேறு யாரும் இல்லை, அவளுக்கு ஒரு தூசி விழக் கூடாது என்று காவல் நின்ற நான்தான்.

மறுநாள் காலை கம்பத்தில் அந்த முதலாளி பஸ்ஸை நிறுத்துகிற ஷெட்டுக்குப் போனேன். டிரைவர்கள், கிளீனர்கள் என்று ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவர்களை வெளியே போகச் சொல்லுங்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. எல்லோர் முன்னாலும், "அந்தத் தம்பி மேல ஒரு தப்பும் இல்ல. நான் பயத்துல ஒளறிட்டேன்" என்றேன். முதலாளி எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஒரு கிளீனர் காகிதமும் பேனாவும் கொண்டுவந்தார். நான் எழுத்துக் கூட்டி எழுதுவதை அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள். நாலு வரியில் ஓர் எழுத்துக்கூட நேராக வரவில்லை. கீழே என் பெயரைப் போட்டபோது வியர்த்துவிட்டது. ஊருக்குத் திரும்பியதும் பாராட்ட வந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் அதையே சொன்னேன். அடித்தவர் யார் என்று கடைசிவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

முதலாளி கூப்பிட்டு அனுப்பியும் கண்டக்டர் வேலைக்கு வரவில்லை. அவர் வீடு எங்கே என்று கேட்கப் பூக்கார அம்மாளிடம் போனேன். நான் யார் என்று சொன்னதும் அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேரியர்க்காரம்மாவா! புளிக்குழம்புல மட்டும் ஒரு கல்லு உப்புக் கூடப் போடுவீக. மத்ததெல்லாம் தேனு. ஆறு மாசம் ஒங்க கைச்சோறு தின்னு நாலு கிலோ ஏறிட்டேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கண்டக்டர் வீட்டுக்கு அவளே வழி சொன்னாள்.

போனேன். அவர் மனைவி கைப்பிள்ளையோடு வாசலில் நின்றாள். உட்காரச் சொல்லவில்லை. சொல்லாததுதான் நியாயம். அவர் உள்ளேயிருந்து வந்து, "வாங்க ஆத்தா" என்று ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"அன்னைக்கு பஸ்ஸுலயே நெசத்தச் சொல்லியிருக்கலாம்லப்பா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடி விழுந்திருக்காதே?"

அவர் தலையைச் சொறிந்தார். "பஸ்ஸுல ஒங்க ஊராளுக இருந்தாக ஆத்தா. ஒங்க மக சோத்த ஆறு மாசமா வேற ஆளு தின்னுச்சு, இந்தம்மா ஏமாந்துச்சுன்னு அத்தன பேரு முன்னால எப்படிச் சொல்றது? நீங்க தலை நிமிந்து நடக்குற ஆளு. தேனி வந்ததும் தனியாச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன்."

நான் அவர் மானத்தை வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு நின்றிருக்கிறார். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். "பெரியவுக கும்பிடக் கூடாது ஆத்தா" என்று பதறினார்.

"முதலாளிட்ட எழுதிக் குடுத்துட்டேன். நம்ம பஸ்ஸுக்கே வந்துருப்பா."

"வேலைக்குப் போவேன் ஆத்தா. மலை ரூட்டுல கேட்டிருக்கேன். ஒங்க ஊரு ரூட்டு மட்டும் வேணாம்." மனைவி கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு சொன்னார். "பொம்பளையாளுக எதுக்க வந்தா மூஞ்சியப் பாத்துப் பேச முடியல."

அவ்வளவு பேசுகிற மனிதரிடமிருந்து நான் எதை எடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது. அதைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் வழி இல்லை. கூலியே வாங்காமல் ஆறு மாசம் என் கேரியரைச் சுமந்தவர் அவர். கேரியரோடு என் பயத்தையும் சேர்த்துச் சுமந்திருக்கிறார், எனக்குத்தான் தெரியவில்லை.

ஊர்ப்பேச்சு மெல்ல அடங்கியது. மகள் என்னோடு பழையபடி பேச மூன்று மாசம் ஆனது. பிறகு அவளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆகி, இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். எனக்கு ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். சில நாள் கூப்பிட்டால் எடுக்க மாட்டாள். மணி அடித்து அடித்து நிற்கும்போது, வெறுங்கை அன்றைக்குப் போலவே கீழே இழுக்கும். மருமகனைக் கூப்பிடு, பக்கத்து வீட்டு நம்பரைப் போடு என்று மனசு அடித்துக்கொள்ளும். போடுவதில்லை. எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன், அரிசி புடைப்பேன், அவள் கூப்பிடுகிறவரைக்கும் இருப்பேன்.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், அது என்னோடுதான் சாகும். ஆனால் அதை இனி யார் கையிலும் கொடுத்தனுப்புவதில்லை, எவ்வளவு கனத்தாலும் நானே சுமக்கிறேன்.